பாட்டிலில் போன முதல் தரம்

நான் வாக்கப்பட்டு வந்த ஊர், சிக்கல் என்கிற ஊருக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே வீட்டுக்கு வீடு கொல்லையில் கிணறு உண்டு. நாற்பதுக்குக் குறையாது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. மாடுகூட முகர்ந்துவிட்டு நம் முகத்தைத்தான் பார்க்கும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பனங்காட்டு மணலில் இருக்கிற ஊற்றுக்குப் போக வேண்டும். விடியுமுன் போய், குழிக்குள் இறங்கி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிறைத்துத் திரும்புவதற்குள் வெயில் ஏறிவிடும். மூத்தவளை வயிற்றில் வைத்துக்கொண்டு அத்தனை நாளும் நடந்தேன். அடுத்த பிள்ளைக்காவது இந்த நடை ஓய வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, கிணற்றுத் தண்ணீர் குடிக்க லாயக்கில்லாத ஊர்களுக்கு ஊருணி வெட்டித் தருவதாகச் சர்க்கார் சொன்னது. மழைத் தண்ணீர் ஊருக்குள்ளேயே தேங்கி நிற்கும். பெண்கள் நடக்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீரை மதுரைக்கு அனுப்பி லாயக்கா இல்லையா என்று சோதித்துப் பார்க்க, ஓர் அதிகாரி கையில் ஒரு கண்ணாடிப் பாட்டிலோடு வந்தார். ஊருக்குப் பெரியவர் என் மாமனார். அதனால் அதிகாரி எங்கள் வீட்டில்தான் வந்து உட்கார்ந்தார்.

குடிக்க ஊற்றுத் தண்ணீர் கொடுத்தேன். வந்தவர்களுக்கு உப்புத் தண்ணீர் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

"இளநி மாதிரி இருக்கே!" என்று அதிகாரி செம்பைக் காலி பண்ணிவிட்டுப் பாட்டிலை எடுத்து வைத்தார்.

"ஏத்தா, அதுலயும் இதையே ஊத்து" என்றார் மாமனார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன்: "மாமா, அவுக கெணத்துத் தண்ணியத்தான கேட்டு வந்திருக்காக."

"கேட்டா? மதுரைக்குப் போற பாட்டிலு. நாலு பெரிய மனுசரு கையில எடுத்துப் பாப்பாக. நம்ம ஊருப் பேர ஒட்டி உப்புத் தண்ணியவா அனுப்புறது? நெறைய ஊத்துத்தா."

அதிகாரிக்கும் அந்த வெயிலில் கிணறு கிணறாக அலைய மனசில்லை. பாட்டில் போயிற்று. திரும்பக் காகிதம் வந்தது: தண்ணீர் முதல் தரம், ஊருணி தேவையில்லை. மாமனார் அதைச் சிக்கல் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். 'முதல் தரம்' என்ற இடத்தை மட்டும் கூட்டிப் பார்த்தேன். அதில் பொய்யில்லை. பாட்டிலில் இருந்தது முதல் தரந்தான். ஊரில் இருந்ததை அந்தப் பாட்டில் பார்த்ததே இல்லை.

அந்தக் காகிதத்தால் ஒரு புண்ணியம் நடந்தது. உப்புத் தண்ணி ஊருக்குப் பெண் கொடுக்கமாட்டோம் என்று வீம்பாக இருந்த பரமக்குடிப் பக்கத்துக்காரர்கள் எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பெண் கொடுத்தார்கள். வந்த பெண்கள் மறுநாளே குடத்தோடு ஊற்றில் என் பின்னால் நின்றார்கள்.

"எங்கக்கா அந்த மொதத் தரம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது பாட்டில்ல ஏறி மதுரைக்குப் போயிருச்சு" என்றேன்.

அவளுடைய அப்பன் சர்க்கார் ஆபீசில் போய்ப் போட்ட சத்தத்தில்தான் இரண்டாவது அதிகாரி வந்தார். இளவயசு. இந்தத் தடவை நாங்கள் பெண்கள் முந்திக்கொண்டோம். ஊரிலேயே மோசமான கிணற்றுக்குக் கூட்டிப்போய் வாளியை இறக்கினோம். அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார்.

"ஏம்மா, இத அனுப்பினா அந்த ஊர்ல மனுசரே இல்லன்னு எழுதிருவாங்க. உங்க இஷ்டமும் வேண்டாம், பெரியவர் இஷ்டமும் வேண்டாம். எல்லாக் கெணத்துக்கும் சீட்டு எழுதிக் குலுக்குவோம்."

எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து ஓலை நறுக்குகளில் வீட்டுப் பெயர்களை எழுதிப் பானையில் போட்டார்கள். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பூசாரி வீட்டுக் கிணறு! அத்தனை கிணற்றிலும் ஓரளவு வாய்க்குச் சேருகிறது அது ஒன்றுதான்; அதுவும் அவர்கள் வீட்டுக்கே காணாது.

"பாத்தியாத்தா, சாமியே சொல்லிருச்சு!" என்று மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

அப்போது நான் கதவுக்கு முன்னால் வந்துவிட்டேன். "சாமி சொன்னது பூசாரி கெணத்தப் பத்தித்தான் மாமா. மத்த கெணத்தப் பத்தி இன்னும் வாயத் தொறக்கல. ஐயா, கைய இன்னும் பல தரம் விடுங்க."

"நியாயந்தாம்மா. ஆனா ஊருக்கு ஒரு பாட்டில்தான் குடுத்திருக்காங்க."

"இம்புட்டுப் பெரிய சர்க்காருல பாட்டிலுக்கா பஞ்சம்?"

"எங்க வீட்டுல வெளக்கெண்ண பாட்டிலு இருக்கு" என்றாள் பரமக்குடிக்காரி.

"அதுல அனுப்பு. தண்ணி வயித்தாலயும் போகும்னு எழுதுவாக" என்று இன்னொருத்தி சொல்ல, அதிகாரியே சிரித்துவிட்டார். பாட்டிலைக் காலியாகவே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"வந்த மனுசர வெறுங்கையா வெரட்டிட்டியே" என்று மாமனார் பல நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். வயிற்றில் இரண்டாவது பிள்ளை. ஊற்றோ கோடையில் இன்னும் கீழே போய்விட்டது.

ஆனால் அந்த மனுஷர் திரும்பி வந்தார், ஒரு சாக்கு நிறையப் பாட்டிலோடு. பெண்கள் பூசாரி சீட்டைப் பானையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். நான் விடவில்லை. "அதுவும் கெடக்கட்டும். அத எடுத்துட்டா நமக்கும் மாமாவுக்கும் என்ன வித்தியாசம்?"

பூசாரி சீட்டு மறுபடியும் வந்தது. கூடவே மற்றவையும் வந்தன. பூசாரி பாட்டில் ஒன்றைத் தவிர மிச்சமெல்லாம் உப்பு என்று இந்தத் தடவை காகிதம் சொன்னது. ஊர் மானம் போயிற்று, ஊருணி வந்தது.

ஐப்பசி மழையில் அது நிறைந்தது. மறுநாள் விடிந்த பிறகும் கைப்பிள்ளையோடு நான் படுத்துக் கிடந்ததைப் பார்த்து மாமியார் வந்து நின்றார்.

"என்னத்தா, மேலுக்கு முடியலயா?"

"நல்லாத்தான் இருக்கேன் அத்தை. நடக்கத்தான் வேலையில்ல."

அவர் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார். "அப்பச் சரி. எந்திரிச்சு மாட்டுக் கொட்டத்தக் கூட்டிரு."