கதவு டீச்சர்

“இன்னிக்கு வேண்டாம். நாளைக்கு வாங்க” என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்லிவிட்டு, டீச்சர் ஆறிப்போன டீயை ஒரு வாய் குடிக்கிறார். இந்தப் பக்கம் நிற்பவர் முன்பு தையல் கடை வைத்திருந்தவர். கையைப் பிசைந்துகொண்டு, “கதவைத் திறங்க தம்பி, உங்க நல்லதுக்குத்தான சொல்றேன்” என்கிறார். உள்ளே நாற்காலி முதுகைத் திருப்பிக்கொள்ளும் சத்தம். வகுப்பில் இருக்கும் மற்ற பதினொரு பேரும் உச்சுக் கொட்டுகிறார்கள். நல்லதுக்கு என்று சொன்னால் இந்தக் கதவு திறக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். பயிற்சியில் நான்காவது நாள் ஆயிற்றே.

அது நிஜக் கதவு. இடித்த வீட்டிலிருந்து நிலையோடு வாங்கி வந்து, அடியில் இரண்டு கட்டை கொடுத்து, வகுப்பறையின் நட்டநடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. யார் வேண்டுமானாலும் சுற்றிக்கொண்டு போய் டீச்சரின் முகத்தைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு குழுவிலும் ஒரு கெட்டிக்காரர் முதல் நாளே அதைச் செய்வார். “அதான் பக்கத்துல வழி இருக்கே டீச்சர்” என்பார். “இருக்கு. ஆனா அந்த வழியா வந்தா உங்களுக்குப் பேரு வேற” என்பார் டீச்சர். அதற்குப் பிறகு யாரும் சுற்றுவதில்லை.

இங்கே வருகிறவர்கள் ஊனமுற்றோருக்குத் துணையாக வேலை பார்ப்பவர்கள். சக்கர நாற்காலியைப் படியில் அலுங்காமல் இறக்கத் தெரிந்தவர்கள். குளிப்பாட்டவும், ஊட்டவும், படுக்கையில் புரட்டிப் போடவும் கைப்பழக்கம் உள்ளவர்கள். ஆனால் காலும் கையும் நன்றாக இருந்து மனசு மட்டும் எழுந்திருக்க மறுக்கிற ஆளிடம் என்ன செய்வது என்று தெரியாமல் திகைக்கிறவர்கள். அதற்குத்தான் இந்த ஒன்பது நாள் பயிற்சி. டீச்சர் சொல்லித்தருவது பெரும்பாலும் செய்யக்கூடாதவை. ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்காதே. காதில் கேட்கும் குரல் பொய் என்று வழக்காடாதே. கேட்கிற மனிதருக்கு அது கேட்கத்தான் செய்கிறது. ‘எல்லாம் சரியாயிடும்’ என்று சொல்லாதே, உனக்கு ஜோசியம் தெரியாது. கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணு, அதற்கப்புறம் வாயைத் திற. அன்றாடக் குறிப்பேட்டில் ‘கோபமாக இருந்தார்’ என்று எழுதாதே, ‘தட்டைத் தள்ளி வைத்தார்’ என்று எழுது. இந்தக் கடைசி விதியை எழுத்தாளர்களுக்கும் கட்டாயமாக்கினால் நாட்டில் காகிதம் மிச்சமாகும்.

டீச்சர் முன்பு தொலைபேசி இலாகாவில் புகார் மேசையில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். “தெனம் எம்பது பேர் திட்டுவாங்க. திட்டி முடிச்சதும் கடைசியா ஒரு விஷயம் சொல்வாங்க. அதுதான் புகாரே” என்கிறார். அந்தப் பொறுமையெல்லாம் அலுவலகச் சொத்து போலிருக்கிறது, வீட்டுக்கு எடுத்து வருவதில்லை. அவரைப் பற்றி எழுத வந்த நான் அவருடைய கணவரைக் கேட்டேன். “வகுப்புலதான் பத்து எண்ணுவா. இங்க நான் ஒண்ணு ரெண்டு சொல்றதுக்குள்ள மூணு நாலு அஞ்சை அவளே சொல்லி முடிச்சிடுவா” என்றார். டீச்சர் உள்ளேயிருந்து, “ஆறையும் சொல்லியிருப்பேன், அடுப்புல வேலை” என்றார்.

கதவுக்குப் பின்னால் டீச்சர் எப்போதும் ஒரே ஆளாகத்தான் நடிக்கிறார். நாற்பது வயது ஆண், கல்யாணம் ஆகாதவர், படித்தவர், கேலி பேசத் தெரிந்தவர், சில வாரங்கள் அறையைவிட்டு வெளியே வராதவர். குரலைக்கூட மாற்றுவதில்லை, வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்கிறார். யார் எந்த உத்தியோடு வந்து தட்டினாலும் அந்த ஆள் என்ன சொல்வார் என்பதில் டீச்சருக்குக் குழப்பமே வராது. “எப்படி டீச்சர் இவ்வளவு தத்ரூபமா பண்றீங்க?” என்று தையல்காரம்மா கேட்டார். டீச்சர் டீயைப் பார்த்துக்கொண்டே, “பழகினா வந்துடும்” என்றார்.

பழகியது சொந்தத் தம்பியிடம். தம்பிக்கு இருபத்து மூன்றாவது வயதில் மனநோய் ஆரம்பித்தது. அம்மா அப்பா போன பிறகு அவரைப் பார்த்துக்கொண்டது அக்காதான். இப்போது ஆறு பேர் சேர்ந்து வாழ்கிற ஒரு வீட்டில், துணைப் பணியாளர்களின் உதவியோடு இருக்கிறார். பதினான்கு மாதமாக அக்காவைப் பார்க்க மறுக்கிறார். காரணம் சண்டை இல்லை, சொத்து இல்லை. ஒரு நல்ல வகுப்பு.

அந்தக் குழு மந்தமான குழுவாம். எதைச் சொன்னாலும் தலையாட்டினார்களாம், எதுவும் உள்ளே இறங்கவில்லையாம். ஆறாவது நாள் டீச்சர் பொறுக்கமாட்டாமல் ஒரு கதை சொன்னார். பேர் சொல்லவில்லை, உறவு சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. விதிப்படி எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் சொன்னார்: மனசு சரியில்லாத நாட்களில் அந்த மனிதர் தனியாகச் செய்கிற ஒரு சின்னக் காரியம். அது என்ன என்று நானும் எழுதப்போவதில்லை. “வகுப்பே உருகிப்போச்சு. நாலு பேர் கண்ணைத் துடைச்சாங்க. எனக்கு அன்னிக்கு ஒரே பெருமை” என்றார் டீச்சர். கொஞ்சம் பொறுத்து, “பெருமைப்பட்டேன் பாருங்க, அதைத்தான் மன்னிக்க முடியல” என்றார்.

அந்த வகுப்பில் கண்ணைத் துடைத்தவர்களில் ஒருவர் முன்னாள் பஸ் டிரைவர், வெள்ளை மனசுக்காரர். பயிற்சி முடிந்ததும் அவருக்கு வேலை கிடைத்தது அதே ஆறு பேர் வீட்டில். இரண்டாவது வாரம் தம்பி அந்தக் காரியத்தைச் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அன்போடுதான், “அட, டீச்சர் சொன்னது உங்களைத்தானா?” என்றிருக்கிறார்.

அன்று சாயங்காலம் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் உயரவில்லை. “எனக்கு அக்கா ஒருத்தி இருந்தா. இப்ப டீச்சர் மட்டும்தான் இருக்காங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பின் பேச்சு இல்லை. அந்த ஆறு பேர் வீட்டின் பொறுப்பாளர் அம்மாவிடம் மட்டும் ஒரு ஏற்பாடு சொல்லியிருக்கிறார்: அக்கா வந்தால் முன்னறையில் உட்காரலாம், என் அறைக்கு வேண்டாம்.

டிரைவர் அதன் பிறகு ஊமையாகிவிட்டார். வருடத்துக்கொரு முறை பழைய ஆட்களுக்கு ஒருநாள் மறுபயிற்சி உண்டு. அதற்கு அவர் வந்திருந்த அன்று நானும் இருந்தேன். இடைவேளையில் குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவரிடம் டீச்சர் போய் நின்றார்.

“டிரைவர் அண்ணே, அங்க எல்லாரும் எப்படி இருக்காங்க?”

“நான் பாத்துக்கறவங்களைப் பத்தி வெளில பேசறதில்ல டீச்சர். நீங்க சொல்லிக்கொடுத்ததுதான். ஒருதரம் வாயைத் திறந்து பட்டது போதும்.”

“பேச வேண்டாம். சாப்பிடறானான்னு மட்டும்.”

டிரைவர் ஒரே டம்ளரை மூன்று முறை கழுவினார். அவருக்கும் சொல்லத் துடிப்பு இருந்தது, முகத்தில் தெரிந்தது. கடைசியில், “மழை வர்ற மாதிரி இருக்கு” என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. டீச்சர் உள்ளே போய், அவருடைய மதிப்பீட்டுத் தாளில் ‘பிறர் விஷயத்தைக் காத்தல்’ என்ற இடத்தில் ‘மிக நன்று’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போல அழுத்தியது.

டீச்சர் வியாழக்கிழமை தோறும் மூன்று மணிக்குத் தம்பி இருக்கும் வீட்டு முன்னறையில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவார். கையில் எதுவும் கொண்டுபோக மாட்டார். “எதையாவது நீட்டினா, வாங்கிக்கலயேன்னு அவனுக்கு ஒரு பாரம் ஆயிடும்.” ஒரு வியாழக்கிழமை நானும் கூடப் போனேன்.

பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் யார் யாருக்கு எந்த நாள் துணி துவைக்கும் முறை என்ற பட்டியல், மேஜையில் பாதி முடித்த சதுரங்கம். நீண்ட நடைவழியில் மூன்றாவது அறை தம்பியுடையது. பொறுப்பாளர் அம்மா போய்க் கேட்டுவிட்டு வந்து, “இன்னிக்கும் வேண்டாமாம்” என்றார், ஏதோ தானே தப்புச் செய்துவிட்டதைப் போல. டீச்சர் தலையசைத்தார். பட்டியலில் வியாழக்கிழமைக்கு நேரே யார் பேர் இருக்கிறது என்று பார்த்தார். தம்பியின் முறைதான். கொடியில் ஈரத்துணி தொங்குவது ஜன்னல் வழியே தெரிந்தது. ஒரு நீலச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “புதுசு” என்றார், யாரிடமும் இல்லாமல்.

இருபது நிமிடம் முடிந்து எழுந்தபோது மூன்றாவது கதவு நாலு விரல் அகலம் திறந்தது.

“கூட வந்திருக்கறது யாரு?”

பதினான்கு மாதத்துக்குப் பிறகு கேட்கும் குரல். டீச்சர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “பத்திரிகைல எழுதறவர். என்னைப் பத்தி எழுதறார்.”

“உன்னைப் பத்தின்னா நானும் வருவேனே.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் நோட்டில் தம்பியைப் பற்றி நாலு பக்கம் இருந்தது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

“வர்றே” என்றார் டீச்சர். “உன்னைக் கேக்காம மறுபடியும் சொல்லிட்டேன்.”

கதவு மூடும் என்று எதிர்பார்த்தேன். மூடவில்லை, திறக்கவும் இல்லை. டீச்சர் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். “நோட்டைக் குடுங்க. பேனாவும்.” மூன்று வார உழைப்பு அது, தயங்கினேன். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. கொடுத்துவிட்டேன்.

நடைவழியில் போய், இடைவெளிக்குள் எட்டிப் பார்த்துவிடாதபடி முகத்தை எதிர்ச்சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, நோட்டை உள்ளே நீட்டினார். “உன்னைப் பத்தி இருக்கறது உன்னோடது. வேண்டாததை அடிச்சிடு. எல்லாமே வேண்டாம்னாலும் அடிச்சிடு.” ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. கதவு சாத்திக்கொண்டது.

முக்கால் மணி நேரம். பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பேனா நீளமாகக் கோடு இழுக்கும் சத்தம், பிறகு சின்னச் சின்னதாக எழுதும் சத்தம். ஒருமுறை, சிரிப்பா இருமலா என்று சொல்ல முடியாத ஒன்று. டீச்சர் அசையாமல் நின்றார்.

கதவு மறுபடி நாலு விரல் திறந்து, நோட்டு வெளியே வந்தது. “அடிச்சதைப் போட வேண்டாம்னு சொல்லு. மத்தது இருக்கட்டும்” என்றது குரல். “ஓரத்துல கொஞ்சம் எழுதியிருக்கேன்.”

“சரிப்பா” என்றார் டீச்சர்.

நடைவழி நெடுக அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். நடுவில் செருகியிருந்த பேனாவால் நோட்டு லேசாக வாய் பிளந்திருந்தது. தம்பியின் கையெழுத்து ஓரத்தில் நீலமாகத் தெரிந்தது. அவர் பேனாவை உருவினார். ஒரு வரிகூடப் படிக்காமல் விரலால் அழுத்தி நோட்டை மூடினார். மூடியபடியே என்னிடம் நீட்டினார். நான் வாங்கப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மட்டும் நோட்டை இன்னும் விடவில்லை.