சாமி மேடைக்குக் கீழே ஒரு மூடி

பைப் அடைத்துக்கொண்டது என்று யாராவது வந்து நின்றாலே எனக்கு எரிச்சல் வரும். அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன் என்றாலும் வரும். புந்தோங்கில் ஒரு ஹார்ட்வேர் கடையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். பைப், பசை, ஆணி, பூட்டு என்று எல்லாம் விற்கிறோம். முதலாளி சீனர். அவருக்கு ஆட்களோடு பேசப் பிடிக்காது. அதனால் அடைப்புக் கேள்விகள் எல்லாம் என் தலையில் விழும்.

‘அக்கா, சிங்க் அடச்சிக்கிச்சு. நல்லா ஸ்ட்ராங்கா ஒரு மருந்து குடுங்க லா.’

மருந்தாம். காய்ச்சல் வந்த பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி. அந்த வெள்ளைத் தூளைக் கொட்டினால் உள்ளே உறைந்து கிடக்கும் கறி எண்ணெயோடு சேர்ந்து சவுக்காரக் கட்டியாக இறுகும். பிறகு குழாயை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சொன்னால் கேட்க மாட்டார்கள். ரப்பர் கிண்ணம் வைத்த பம்பை வாங்கிப் போகிறவர்களாவது ஒழுங்காகக் குத்துகிறார்களா? சிங்கின் மேல் ஓரத்தில் இன்னொரு ஓட்டை இருக்கும். அதை ஈரத்துணியால் அடைத்துவிட்டுக் குத்த வேண்டும், இல்லாவிட்டால் காற்று அந்த வழியாகப் போய்விடும். இதையும் ஆயிரம் முறை சொல்லியாகிவிட்டது.

அதனால் நான் சாமானை எடுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பேன். எந்த ஓட்டையில் முதலில் தண்ணீர் ஏறுகிறது? சிங்க் மட்டும் என்றால் சிங்குக்கு அடியில் உள்ள வளைவைக் கழற்றிக் கழுவினால் போதும். துணி துவைக்கும் மெஷின் ஓடும்போது குளியலறைத் தரையில் தண்ணீர் கொப்பளித்தால் அடைப்பு வெளியே, பெரிய குழாயில். இரண்டாவது, எப்போது ஏறுகிறது? மூன்றாவது, வீட்டில் யார் என்ன போடுகிறார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் எல்லாருக்கும் முகம் சுருங்கும். ‘ஒண்ணும் போடலையே’ என்பார்கள். தீபாவளி முடிந்த மறுவாரம் பத்துப் பேர் வருவார்கள். குடும்பமே நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு முழுகியிருக்கும். ‘ஒண்ணும் போடலையே அக்கா.’ அந்தப் பதிலை நான் ஒரு நாளும் நம்பியதில்லை.

போன வருஷம் என் வீட்டிலேயே அடைத்துக்கொண்டது.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகும் அங்கேயே கிடந்தார். நான்தான் பிடிவாதமாக இங்கே கூட்டி வந்தேன். சர்க்கரை வியாதி. வலது காலில் இரண்டு விரல் ஏற்கெனவே போய்விட்டது. அந்த இடத்தில் புண் ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: அழுக்குத் தண்ணீர் படக் கூடாது, இன்னொரு முறை சீழ் பிடித்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும். அதனால் குளியலறைத் தரையில் கழிவு நீர் கணுக்கால் உயரத்துக்கு ஏறி நின்ற அன்று எனக்கு நாற்றத்தைவிட அந்தக் கால்தான் கண்ணில் நின்றது. கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, நாற்காலி வைத்துக் குளிக்கச் சொன்னேன்.

கட்டு மாற்றுவது பற்றி எனக்குக் கவலை இல்லை. திங்களும் வியாழனும் கோயிலில் பழக்கமான ஒருவர் தம் வேனில் அப்பாவை ஏற்றிக் கிளினிக் வாசலில் இறக்கிவிடுவார். நான் வேலை முடிந்து வரும்போது கட்டு வெள்ளை வெளேரென்று இருக்கும். ‘நர்ஸ் என்னா சொன்னாங்க?’ என்பேன். ‘காஞ்சிக்கிட்டு வருதாம் மா’ என்பார். நான் கட்டிவிடுகிறேன் என்றால் மட்டும் கோபம் வரும். மகள் கையால் காலைக் கழுவ விட மாட்டாராம்.

எங்கள் வரிசையில் கழிவுக் குழாய் பின்கட்டு வழியாக வீட்டுக்கு வீடு போகிறது. ஒவ்வொரு பின்கட்டிலும் ஒரு மேன்ஹோல், மேலே இரும்பு மூடி. என்னுடையது முதல் வீடு. என் தண்ணீர் பக்கத்து வீட்டுக் குழிக்குப் போய், அங்கிருந்து அடுத்தடுத்த வீட்டுக்குப் போகும். என் மூடியைத் திறந்தேன், விளிம்பு வரை நின்றது. அப்படியென்றால் அடைப்பு எனக்குக் கீழே, பக்கத்து வீட்டில். ஆனால் பக்கத்து வீட்டில் மூடியே இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டியபோது அதன் மேல் டைல்ஸ் போட்டுவிட்டார்கள். டைல்ஸ் போட்டால்கூடப் பரவாயில்லை. அந்த மூலையில்தான் சாமி அறை.

பக்கத்து வீட்டுக்காரரும் எங்கள் தோட்டத்து ஆள்தான். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் சின்ன வயதிலிருந்தே அண்ணே என்று கூப்பிடுகிறவர். அவர் மனைவியை அக்கா என்பேன். போய் மரியாதையாகத்தான் கேட்டேன்.

‘மேன்ஹோலா? எங்க வீட்டுலயா? அப்படி ஒண்ணும் இல்லையே லா.’

‘இருந்துச்சே அண்ணே. அக்கா அது மேலதான துணி பக்கெட் வைப்பாங்க.’

‘உனக்கு ஞாபகம் தப்பு தங்கச்சி. அது லொங்காங் மூடி.’

லொங்காங் என்றால் திறந்த சாக்கடை. அதற்கு ஏது மூடி? என்னிடமே சொல்கிறார். ஹார்ட்வேர் கடையில் நிற்கிறவளிடம்.

கழிவுநீர் அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். வேலிக்குள் இருந்தால் வீட்டுக்காரர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பேசித் தீர்க்க ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் காலையில் எழுந்ததும் என் குழியிலிருந்து வாளியில் மொண்டு வீட்டுத் தோட்டத்து மண்ணில் பள்ளம் வெட்டி ஊற்றினேன். பிறகு குளித்து, சென்ட் அடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். வீடு முழுக்க நாற்றம், ஹால் வரைக்கும். அப்பாவோ ஜாம்பானுக்குள், அதான் கழிவறைக்குள், போனால் அரை மணி நேரம் ஆகும். மூன்று முறை தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்கும். ‘ஏற்கெனவே தண்ணி எறங்கல, இதுல எத்தன வாட்டி இழுப்பீங்க?’ என்று வெளியே நின்று கத்துவேன். உள்ளே இன்னொரு முறை தண்ணீர் இழுக்கும்.

கடையிலிருந்து நீளமான ஸ்பிரிங் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். குழாய்க்குள் சுற்றிச் சுற்றித் தள்ளும் கம்பி அது. என் குழியிலிருந்து விட்டேன். ஓர் இடத்தில் முட்டி நின்றது, அதற்கு மேல் அசையவில்லை. குழாய் வாயில் கம்பி இருந்த இடத்தில் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டு வெளியே இழுத்தேன். அதைப் பின்சந்துக்குக் கொண்டுபோய், டேப் சுற்றிய இடம் என் குழிக்கு நேராக வரும்படி வைத்து, சுவர் ஓரமாக நீட்டிப் போட்டேன். கம்பியின் நுனி அவர் வீட்டுச் சாமி அறை ஜன்னலுக்கு நேர் கீழே போய் நின்றது. உள்ளேயிருந்து கற்பூர வாசனை வந்தது. கம்பி நுனியில் மூன்று நான்கு நரைத்த நூல் சுற்றியிருந்தது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

‘இங்கதான் நிக்குது. பாருங்க, சிமெண்ட் சாக்கு நூலு. நீங்க கட்டுறப்ப உள்ள விழுந்தது.’

‘உன் வீட்டு மாப் நூலா இருக்கும் லா.’

‘என் வீட்டுல மாப்பே கெடையாது. என்னுது மொத வீடு. அந்தக் கொழாய்ல என் வீட்டுத் தண்ணியத் தவிர வேற யாரு தண்ணியும் வராது. அதுல சாக்கு எப்படி வரும்?’

‘சாமி மேடைய ஒடைக்கச் சொல்றியா? ஒடச்சா உன் குடும்பம் வெளங்குமா?’

அப்போதிருந்து நான் அண்ணே என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அப்பா குளித்துவிட்டு வந்தார். காலில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பைக்குள் மஞ்சளாகத் தண்ணீர் ஆடியது. பை ஓட்டை. கழிவு நீர் உள்ளே போய்விட்டது என்று நினைத்தேன். ‘பரவால்ல மா, இன்னைக்கு வேன்காரர வரச் சொல்லி நர்ஸ்கிட்ட காட்டிக்கிறேன்’ என்று அப்பா கைலியை இழுத்து மூடிக்கொண்டார். நான் நேராகப் பின்கட்டுக்குப் போனேன். குழியிலிருந்து ஒரு வாளி மொண்டேன். பக்கத்து வீட்டு வாசலில் அக்கா அப்போதுதான் கோலம் போட்டு முடித்திருந்தார். அதன் மேல் ஊற்றினேன். தவறித்தான் கொட்டியது என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். குறி பார்த்து ஊற்றினேன், ஊற்றும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர் சட்டை போடாமல் ஓடி வந்தார். என்னை என்னென்னவோ சொன்னார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம் சொன்னேன்:

‘இந்தத் தண்ணிதான் அக்கா உங்க சாமிக்குக் கீழ நிக்குது. இதுக்கு மேலதான் நாலு வருஷமா வெளக்கு வெக்கிறீங்க. உங்க புருஷனக் கேளுங்க.’

அக்கா கையில் கோலமாவுக் கிண்ணம் அப்படியே இருந்தது. புருஷன் பக்கம் திரும்பினார்.

‘அந்த மூடிய வெளிய மாத்தியாச்சுன்னு சொன்னீங்களே?’

அவர் கேட்டைப் பார்த்தார்.

‘மாத்துனீங்களா இல்லையா?’

‘டைல்ஸ்காரன்தான் சொன்னான், மூடிட்டா ஒண்ணும் ஆவாதுன்னு...’

அக்காவுக்குத் தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மனுஷன் ஆறு வாரமாக என்னோடு சண்டை போட்டது என் மேல் உள்ள கோபத்தில் இல்லை, பெண்டாட்டிக்குப் பயந்து.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கற்பூரம் காட்டிவிட்டுப் படங்களை ஒவ்வொன்றாக ஹாலுக்கு மாற்றினார். உடைப்பதற்கு ஓர் ஆள் வந்திருந்தான். மேடை போனது, டைல்ஸ் போனது, கீழே துருப்பிடித்த மூடி தெரிந்தது. கடப்பாரையால் நெம்பினார்கள். என் பக்கத்துக் குழாய் வாயில் தலையணை அளவுக்குச் சிமெண்ட் உறைந்து, பாதி வாயை அடைத்திருந்தது.

‘பாத்தீங்களா? பாத்தீங்களா?’ என்று கத்தினேன். பக்கத்துப் பின்கட்டுகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

வந்த ஆள் சிமெண்டைப் பெயர்த்துப் போட்டான். தண்ணீர் இறங்கவில்லை. அதற்குப் பின்னால் இன்னும் ஏதோ இருந்தது. கொக்கி போட்டு இழுத்தான். வெள்ளையாக, பழுப்பாக, நீளமாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசிச் சுருள் வெளியே விழுந்ததும் தண்ணீர் ஒரே மூச்சில் இரைந்துகொண்டு போனது. அவன் அதைக் கொக்கியாலேயே பிரித்துப் பார்த்தான். துணிக் கட்டு. புண்ணுக்குச் சுற்றுகிற கட்டு. அங்கங்கே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, மருந்துக் கறையும் வேறு கறையும் இருந்தது. ஒரு வாளி நிறைந்தது.

‘உன்னுதுதான மொத வீடு?’ என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ‘நீதான சொன்ன, வேற யாரு தண்ணியும் வராதுன்னு.’ வாளியைத் தூக்கிக்கொண்டு போய் என் கேட்டுக்கு முன்னால் வைத்தார். சிமெண்டைப் பற்றி அவர் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

நான் வீட்டுக்குள் வந்தேன். குழாய்கள் எல்லாம் களகளவென்று இறங்கிக்கொண்டிருந்தன. குளியலறையில் தரை தெரிந்தது. பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். ஹாலுக்கு வந்தேன். நாற்றம் அங்கேயே இருந்தது.

அப்பா டிவிக்கு முன்னால் கைலியைக் கால்வரை இழுத்து மூடி உட்கார்ந்திருந்தார்.

‘அடப்பு போயிருச்சா மா?’

பதினெட்டு வருஷமாக ஊரில் உள்ளவர்களையெல்லாம் கேட்ட கேள்வியை அன்றைக்குத்தான் என் வீட்டில் கேட்டேன்.

‘அப்பா, ஜாம்பான்ல என்னா போட்டீங்க?’

அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘ஒண்ணும் போடலையே மா.’

கைலியைத் தூக்கினேன். கையைத் தட்டிவிட்டார், மறுபடியும் தூக்கினேன். மேலே வெள்ளைக் கட்டு, எப்போதும் போலவே ஒழுங்காகச் சுற்றியிருந்தது. பிரித்தேன். மிச்சமிருந்த மூன்று விரலும் கறுத்திருந்தன, பாதத்தின் பக்கவாட்டில் எலும்பு தெரிந்தது. வேன்காரர் இறக்கிவிட்டதும் கிளினிக்குக்குள் போகாமல் எதிரே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பாராம். கட்டுத் துணியை மருந்துக் கடையில் வாங்கித் தாமே சுற்றிக்கொள்வாராம். குப்பையில் போட்டால் நான் பார்த்துவிடுவேன் என்று பழைய கட்டை ஜாம்பானில் போட்டு இழுத்துவிடுவாராம். தோட்டத்தில் ஓடையில் விட்டது எதுவும் திரும்பி வந்ததில்லை.

‘வெட்டிருவாங்க மா’ என்றார். ‘அதான்.’

மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். முன்பே வந்திருந்தால் பாதத்தையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எத்தனை நாளுக்கு முன்பே என்று கேட்டேன். ஒரு மாதம் என்றார். அந்த ஒரு மாதமும் நான் ஸ்பிரிங்கை அளந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரரோடு இன்னமும் பேச்சு இல்லை. அந்தச் சிமெண்டை நான் மன்னிக்கப்போவதும் இல்லை. அப்பா மேலும் கோபம் இருக்கிறது, சக்கர நாற்காலியைத் தள்ளும்போதுகூட இருக்கிறது. என் மேல் இருக்கிற கோபத்தை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது என்றுதான் தெரியவில்லை. குளியலறையில் இப்போது ஒரு சொட்டு நிற்பதில்லை. தரை நாள் முழுக்கக் காய்ந்து கிடக்கிறது. அப்பாவை அங்கே தூக்கிக்கொண்டு போய்த்தான் உட்கார வைக்கிறேன்.