சரளை எடுத்த இடத்தில் புல்

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கிவிடும். அதனாலேயே என் கோபத்தை அலுவலகத்தில் யாரும் கோபமாக எடுத்துக்கொண்டதில்லை. பல்கலைக்கழகக் கட்டடப் பிரிவில் இளநிலைப் பொறியாளனாகப் பாதி ஆயுளைக் கழித்தாயிற்று. 'இது கூடாது' என்று நான் சொன்னால், 'இவர் இப்படித்தான், எதற்கும் ஒரு முட்டுக்கட்டை' என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பசுவந்தனை ரோட்டு பங்களா விஷயத்திலும் அப்படித்தான் சிரித்தார்கள்.

அந்த பங்களா, பருத்தி வியாபாரத்தில் தழைத்த ஒரு நிலக்கிழார் குடும்பம் கட்டியது. கல்லும் சுண்ணாம்பும் தேக்கு உத்தரமுமாக, கரிசல் காட்டுக்கு நடுவே தனியாக நிற்கும். பின்னால் வந்தவர்கள் அதைப் பல்கலைக்கழகத்துக்குத் தானமாகக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்ட பல்கலைக்கழகம் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டிவைத்தது. வெகுகாலம் கழித்து, வேறு இடம் கிடைக்காத கொடுமைக்கு, பெண்பிள்ளைகள் பட்டப்படிப்பு படிக்க அங்கே ஒரு மையம் திறந்தார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். பிள்ளைகள் பெஞ்சை இழுத்து இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார்கள்.

மையத்தின் பொறுப்பாசிரியை அலையாத அலுவலகம் இல்லை. அந்த அம்மாள் நடையாய் நடந்துதான் பழுதுபார்க்க உத்தரவு வாங்கினார். வேலையைப் பார்வையிட நான் போய் இறங்கிய அன்றே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார்.

"சார், இதைச் சரிபண்ணலன்னா மையத்தைத் திருநெல்வேலிக்குத் தூக்கிருவாவ. தூக்கிட்டா இந்தப் பிள்ளையள்ல முக்காவாசி வீட்லதான் கெடக்கும். ஒரு பஸ் ஏறி வாரதுக்கே அப்பன்மாரு எங்கிட்ட வந்து நூறு கேள்வி கேக்காவ. ரெண்டாவது பஸ்ஸுன்னா அவ்வளவுதான்."

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நானும் வானம் பார்த்த பூமிக்காரன்தான். என் அக்காவின் படிப்பு எங்கள் ஊர் பஸ் நின்ற இடத்தோடு நின்றுபோனது.

ஆகவே அந்த வேலையை நான் வழக்கத்தைவிட ஒட்டிக்கொண்டு பார்த்தேன். சிமெண்டைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. பழைய சுவருக்கும் கூரைக்கும் சுண்ணாம்புதான் என்று பிடிவாதமாக நின்றேன். பூசிய சுண்ணாம்பு காயாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கோடையில் குடிக்கவே தண்ணீர் இல்லை. கயத்தாறு பக்கமிருந்து லாரியில் தண்ணீர் வாங்கி, சாக்கை நனைத்துச் சுவரில் தொங்கவிட்டோம். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, சுவருக்குத் தண்ணி காட்டுகிறான் பார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த ஐப்பசி மழையில் கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிள்ளைகள் பெஞ்சை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்ததை வராந்தாவில் நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. இந்த உத்தியோகத்தில் எனக்கு அந்த மாதிரி சந்தோஷம் அதிகம் வாய்த்ததில்லை.

மிச்சம் இருந்தது திறப்பு விழா. துணைவேந்தர் வருகிறார் என்றதும் எங்கள் செயற்பொறியாளர் முதன்முறையாக அந்தப் பக்கம் வந்தார். சுவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. கட்டடத்தைச் சுற்றிப் பரப்பிக் கிடந்த சரள் கல்லைப் பார்த்தார்.

கட்டியவர்கள் காரணத்தோடுதான் அந்தச் சரளைப் போட்டிருந்தார்கள். கரிசல் மண் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மழையில் ஊறி உப்பும். வீட்டுக்கு அடியில் அது உப்பினால் சுவரைத் தூக்கிவிடும். அதனால் சுற்றிலும் ஒரு கட்டில் நீளத்துக்குக் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, சரளைக் கொட்டிக் கெட்டித்து, விழுகிற மழை வெளியே ஓடச் சாய்வு வைத்திருந்தார்கள். ஒரு புல் பூண்டு முளைக்காது. பார்க்க அழகில்லைதான்.

"முன்னால லான் போட்டிருவோம்" என்றார் செயற்பொறியாளர்.

பக்கத்தில் நின்றவர், கட்டடத்தைக் கொடுத்த குடும்பத்தின் இன்றைய தலைமுறை. ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுகிற நல்ல மனிதர். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் தோட்டத்தில் போர் போட்டு, அந்த வட்டாரத்திலேயே இல்லாத அளவுக்குத் தண்ணீர் வந்திருந்தது.

"தண்ணிக்கு நீங்க கவலப்படாதீய. நான் பைப் இழுத்துவிடுதேன். எங்க தாத்தா கட்டுன வீடு, பச்சப்பசேல்னு இருக்கட்டும்" என்றார்.

நான் குரலை இறக்கிச் சொன்னேன். சரளை எடுக்கக் கூடாது. சுவரோரம் தண்ணீர் நிற்கவே கூடாது. நின்றால் முன்பக்க மண் உப்பும், பின்பக்கம் காய்ந்து கிடக்கும், சுவர் முறுக்கிக்கொள்ளும். செயற்பொறியாளர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சிதான் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு வருத்தமாகச் சொன்னார்.

"என்ன சார் சொல்லுதீய. இந்தக் காட்டுல எல்லாம் கெட்டது தண்ணி இல்லாமத்தான். தண்ணி ஊத்திக் கெட்டதுன்னு நான் கேட்டதே இல்லயே."

மானாவாரி வெள்ளாமையில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் நான் சொல்வது காதில் ஏறாது. வானத்தைப் பார்த்தே ஆயுளைக் கழித்த ஒருவரிடம், உங்கள் தண்ணீர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொல்லும்போது எனக்கே அது பாவம் போலத்தான் இருந்தது. ஆனாலும் மேலிடத்துக்கு எழுதினேன், போனில் பேசினேன். 'புல்லுக்கெல்லாமா ஃபைல் போடுவீர்' என்று பதில் வந்தது.

சரளை அள்ளி லாரியில் ஏற்றினார்கள். வண்டல் கொட்டிப் புல் பதித்து, சுவரை ஒட்டிச் செவ்வரளியும் குரோட்டனும் வைத்தார்கள். விழா ஜோராக நடந்தது. துணைவேந்தர் புல்லைப் பாராட்டினார். விழா முடிந்த பிறகும் அண்ணாச்சி தவறாமல் தண்ணீர் பாய்ச்சினார். காலையில் தானே வந்து வால்வைத் திறந்துவிட்டு, புல் நனைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் நிற்கிற அழகைப் பார்த்தால் என்னால் கோபப்படக்கூட முடியாது.

முதலில் கதவுதான் பேசியது. முன் வகுப்பறைக் கதவு சாத்த வரவில்லை என்று ஆசிரியை போன் செய்தார். போய்ப் பார்த்தேன். கதவு நிலை லேசாகக் கோணியிருந்தது. ஜன்னல் மூலையிலிருந்து மேலே சாய்வாக ஒரு கீறல் ஏறியது. புல்லில் கால் வைத்தேன், தரை பொதுபொதுவென்று இருந்தது.

"இப்பவாவது தண்ணியை நிறுத்திருவமா சார்?" என்றார் ஆசிரியை.

அதற்கு நான் சொன்ன பதிலைத்தான் பிறகு அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நிறுத்தவும் கூடாது என்றேன். உப்பின மண் ஒரேயடியாகக் காய்ந்தால் சுருங்கி இறங்கிவிடும், சுவரும் கூடவே இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பழையபடி சரளைப் போட்டு மூட வேண்டும். அதற்கு அனுமதி வேண்டும். செயற்பொறியாளர் போனிலேயே கேட்டார்: "ஊத்தாதேன்னும் நீர்தான் சொன்னீர், நிறுத்தாதேன்னும் நீர்தான் சொல்லுதீர். உமக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியிலிருந்து கேட்டால் பைத்தியக்காரப் பேச்சுதான். அனுமதி வரவில்லை.

பங்குனி கடைசியில் அண்ணாச்சியின் போர் வற்றியது. சொல்லாமல் கொள்ளாமல், காலையில் மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வந்தது. அவர் நொறுங்கிப்போனார். புல் கருகுவதைப் பார்க்கச் சகிக்காமல் சொந்தச் செலவில் டேங்கருக்குச் சொன்னார். குடிதண்ணீருக்கே சண்டை நடக்கிற நேரத்தில் புல்லுக்கு யார் டேங்கர் விடுவார்கள்? நான் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. வாரம் ஒருமுறை போய்க் கீறலைப் பார்த்துவிட்டு வருவேன். வைத்தியம் இல்லாத நோயாளியைப் பார்க்கப் போகிற உறவுக்காரன் மாதிரி, போனேன், நின்றேன், வந்தேன்.

சித்திரையில் முன்சுவர் ஒரு பக்கமாக இறங்கி, உத்தரத்தின் ஒரு முனை சுவரைவிட்டு வெளியே வந்தது. நல்லவேளை, அன்று விடுமுறை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வுக் குழு அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, 'பழைய கட்டடம், பாதுகாப்பற்றது' என்று முடித்துக்கொண்டது. புல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மையம் திருநெல்வேலிக்குப் போயிற்று. ஆசிரியைக்கும் அங்கேயே மாற்றல். புறப்படும்போது அந்த அம்மாள் சாவிக்கொத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

பூட்டுப் போடுகிற அன்று நான் இருந்தேன். சான்றிதழ்களை வாங்கிப்போக வரச் சொல்லியிருந்ததால் தகப்பன்மார் ஒவ்வொருவராக வந்தார்கள். பலர் மகளைத் திருநெல்வேலியில் சேர்க்க அல்ல, கணக்கை முடிக்கத்தான் வந்திருந்தார்கள். பசுவந்தனை பக்கத்திலிருந்து வந்த ஒருவர், உளுந்துக் காட்டிலிருந்து நேரே வந்தவர் போல, காலில் மண்ணோடு என் பக்கத்தில் வந்து நின்றார். மகள் கொஞ்சம் தள்ளி, காய்ந்த புல்லின் மேல் நின்றிருந்தாள்.

"சார், நீங்கதானே ரிப்பேர் பாத்தது?"

"ஆமாய்யா."

"தப்பா எடுத்துக்கிடாதீய. தெரிஞ்சிக்கிடத்தான் கேக்கேன். நீங்க யாரும் வராம, பழைய மாதிரியே விட்டிருந்தாலும் விழுந்திருக்குமா?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை.

"விழுந்திருக்காது. ஒழுகத்தான் செஞ்சிருக்கும்."

அவர் சான்றிதழ் கவரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒழுகுனா என்ன சார். குடையப் புடிச்சிக்கிட்டாவது உக்காந்து படிச்சிருப்பால்லா" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "ஏட்டி, வா, பஸ்ஸு வந்திரும்" என்றார்.