கேமராவுக்குக் காட்டிய கை

அட்லாண்டிக் சிட்டியில் அந்தப் பிரம்மாண்டமான கேசினோ ஹோட்டலைத் திறந்தபோது பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. வாசலில் நீரூற்று, கூடத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டை விடப் பெரிய சரவிளக்கு. மேஜையில் சீட்டு போடும் டீலர்களில் நானும் ஒருத்தி. வேலை அனுமதி வந்ததும் கிடைத்த முதல் வேலை. எனக்குப் பிடித்தும் போயிற்று. நாங்கள் குடியிருந்த பிளெய்ன்ஸ்பரோவில், தமிழர்களிடம் மட்டும் "ஹோட்டலில் வேலை" என்று சொல்லிவைத்திருந்தேன். பொய் இல்லையே.

அங்கே ஒரு கட்டாயம். மேஜையை விட்டு நகரும்போது கைகளை ஒருமுறை தட்டி, உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்ட வேண்டும். எதையும் எடுத்துப் போகவில்லை என்று கூரையிலிருக்கும் கேமராவுக்குச் சத்தியம். வளையலும் கூடாது.

முதல் வருஷம் திருவிழாக் கூட்டம். இரண்டாவது குளிர்காலத்தில் பாதி மேஜைகளுக்குத் துணி போர்த்திவிட்டார்கள். மூடப்போகிறார்கள் என்று ஊழியர்களுக்குள் முணுமுணுப்பு.

அப்போதுதான் என் தோழிக்கு வளைகாப்பு. இங்கே அவளுக்கு உறவென்று யாருமில்லை. அக்கா ஸ்தானத்தில் நான்தான் முதல் வளையல் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். முன்னின்று நடத்திய ஆன்ட்டியோ சம்பிரதாயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர். சூதாட்டக் கூடத்தில் வேலை என்று தெரிந்தால் என்னை ஓரங்கட்டிவிடுவார் என்று பயந்தேன்.

வேலையிலிருந்து நேராக ஓடி வந்தேன். சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, எழுந்தேன். கைகள் தாமாகவே தட்டிக்கொண்டு, உள்ளங்கைகள் கூரையைப் பார்த்துத் திரும்பின. பாழாய்ப்போன பழக்கம்.

யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆன்ட்டி மட்டும் என் கைகளையே பார்த்தார். என்னைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"அந்த இடத்தை க்ளோஸ் பண்ணப் போறதா டிரிங்க்ஸ் கொண்டு வர்ற பொண்ணு சொன்னாளே, நெஜமாம்மா?"

"ஆன்ட்டி, நீங்க..."

"காசு போட்டு ஆடற ஸ்லாட் மெஷின் பக்கம் மட்டுந்தான் போவேன். அங்கிள்கிட்ட கோயில்ல வாலண்டியர் பண்றேன்னு சொல்லியிருக்கேன், நீ வாயத் தொறக்காத. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"தெரியல ஆன்ட்டி." வீட்டில்கூடச் சொல்லாத பயம். கண் கலங்கிவிட்டது.

தட்டிலிருந்து கண்ணாடி வளையல்களை எடுத்து என் மொட்டைக் கைகளில் ஒவ்வொன்றாக ஏற்றினார்.

"நல்ல நாளும் அதுவுமா வெறுங்கையோட நிக்காத. ஷிஃப்டுக்குப் போறப்ப கழட்டிக்கோ."