மஞ்சள் மண்டைக்குக் கறுப்பு மை

எங்கள் வீட்டில் கார் இருந்தது என்று இன்றைக்குச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அறுபதுகளில் பொம்மிடியில் அது லேசுப்பட்ட விஷயமா? அப்பா ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் துரைக்கு டிரைவராக இருந்தவர். துரை சீமைக்கே திரும்பிப் போனபோது தன் பழைய கறுப்புக் காரை அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனார். காரை ஊரில் பிளசர் என்பார்கள். ‘எங்க பிளசர்’ என்று ஒரு தடவையாவது சொல்லாமல் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பியதில்லை. அவ்வளவு வாய் எனக்கு.

அந்த வாயை மழை அடைத்தது. இரண்டு வருஷம் தொடர்ந்து ஏமாற்றியதில் எங்கள் மானாவாரிக் காட்டில் விதைக்கடலைகூடத் திரும்பி வரவில்லை. அப்பா தர்மபுரிக்கு நடையாய் நடந்து டாக்சி பெர்மிட் வாங்கினார். டாக்சி என்றால் மேற்கூரை மஞ்சளாக இருந்தாக வேண்டும். உடம்பெல்லாம் கறுப்பாகவே இருக்க, தலைக்கு மட்டும் மஞ்சள் பெயிண்ட் அடித்து, வண்டியை ரயிலடியில் கொண்டுபோய் நிறுத்தினார். மறுநாளே பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘மஞ்சமண்டை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அத்தனை பீற்றிக்கொண்டவளைச் சும்மா விடுவார்களா? அதன் பிறகு தெருவில் அப்பாவின் ஹாரன் கேட்டாலே ஏதாவது ஒரு சந்துக்குள் நுழைந்துவிடுவேன்.

அந்த வருஷம்தான் எனக்குப் புதுநன்மை. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு பிள்ளை முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள் கிட்டத்தட்டக் கல்யாணம் மாதிரி. வெள்ளை கவுன், தலையில் வலைமுக்காடு, கையில் மெழுகுவர்த்தி. பங்குக் கோயில் பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டில் தள்ளி இருந்தது. என்னையும் எங்கள் தெருவிலிருந்து இன்னும் மூன்று பிள்ளைகளையும் காரிலேயே கூட்டிப்போவதாக அப்பா சொன்னார். மஞ்சமண்டை வண்டியில் ஏறமாட்டேன், புதுநன்மையே வேண்டாம் என்று நான் சோறு தின்னாமல் குப்புறப் படுத்துக்கொண்டேன். அம்மா முதுகில் இரண்டு வைத்தாள். அப்பா அவளை விலக்கிவிட்டார்.

“அழுவாத பாப்பா. அன்னிக்கு ஒரு நாளைக்குக் கறுப்பா ஆக்கிரலாம்” என்றார்.

கறுப்புதானே, அதில் என்ன பொருத்தம் பார்க்க இருக்கிறது என்று நினைத்தோம். அடித்துப் பார்த்தால் புதுக் கறுப்பு நனைந்த காக்காய் மாதிரி மினுமினுத்தது. பழைய கறுப்போ வருஷக்கணக்கில் வெயிலில் நின்று பழுப்பேறிக் கிடந்தது. ஒன்றுக்கொன்று சேரவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் ஒரு நாள் கூத்துக்கு இது போதும் என்று விட்டிருப்பார்கள். அப்பா விடவில்லை. அடித்ததை உப்புத்தாளால் தேய்த்தெடுத்தார். பெயிண்டில் துளித்துளியாகச் சிவப்புக் கலந்து, டிக்கி மூடியின் உள்பக்கம் தடவித் தடவிப் பார்த்தார். மினுக்கம் அடங்கட்டும் என்று மண்ணெண்ணெயை ஊற்றினார். சவாரிக்கும் போகவில்லை, வீட்டில் சொன்ன வேலை எதையும் காதில் வாங்கவில்லை. கடைசியில் எது பழசு, எது புதுசு என்று தெரியாமல் மொத்தக் காரும் ஒரே நிறமாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்ணெண்ணெய் கலந்த பெயிண்ட் லேசில் காயாது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

கோயிலுக்குப் போகும்போது ஒரு குறையும் இல்லை. பூசை முடிந்து திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் ஜீப்போடு பிரேக் இன்ஸ்பெக்டர் நின்றார். வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரிக்கு அப்போது அதுதான் பெயர். முன்னால் பஸ், பின்னால் மாட்டுவண்டி, திருப்பவும் இடமில்லை. அவர் எங்கள் நம்பர் போர்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கிட்டே வந்து கூரை ஓரத்தில் விரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். கறுப்பு விரலோடு வந்துவிட்டது. இழுத்த இடத்தில் மஞ்சள் பல்லைக் காட்டியது.

“என்னய்யா, டாக்சிக்குத் தலைக்கு மை போட்டுக் கூட்டியாந்திருக்க?”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். அப்பா இறங்கிப் போய்க் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

“பாப்பாவுக்குப் புதுநன்மைங்க. மஞ்சளா இருந்தா ஏறமாட்டேன்னு ஒரே அழுகைங்க. புள்ள மொகத்தப் பாத்துதானுங்க...” என்று என்னைக் கைகாட்டினார்.

பஸ் மொத்தமும் குனிந்து என்னைப் பார்த்தது. உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். அது வலை, எல்லாம் தெரிந்தது. அப்பாவின் கூப்பிய கையும் தெரிந்தது. அந்தக் கையை அவர் இறக்கினால் போதும் என்று இருந்தது. பாழாய்ப்போன ரயில் வரவே இல்லை.

பெர்மிட்டை ஒரு மாசம் முடக்கிவைத்தார்கள். அப்பா ரயிலடியிலேயே குட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கப் போனார். நான் ரயிலடி வழியை விட்டு ஏரிக்கரை சுற்றிப் பள்ளிக்கூடம் போனேன். மஞ்சமண்டைக்கு வெட்கப்பட்டது போக, இப்போது அப்பாவின் தலைச்சுமைக்கு வெட்கப்பட வேண்டியிருந்தது. அதற்கும் காரணம் நானேதான் என்ற நினைப்பு சோற்றில் கல்லாக உறுத்தியது. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது, அவர் மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். நான் தூங்கும்வரை சொன்னேன். ஒன்றும் கரையவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒரு நாள் அம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னேன், என் அழுகையால்தானே அப்பா மூட்டை தூக்கினார் என்று. அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

“நீ அழுததுக்கா? மஞ்ச பெயிண்டு வாங்கியாந்த அன்னிக்கே கறுப்பு ஒரு டப்பா சேத்து வாங்கியாந்து கட்டிலுக்கடியில வெச்சிருந்தாரு உங்கப்பன். எப்படா ஒரு சாக்கு கெடைக்கும்னு இருந்த மனுசன்டீ அவரு.”

அதற்கப்புறம்தான் அந்தக் காலைநேரம் எனக்கு ஒழுங்காக ஞாபகம் வந்தது. கோயிலுக்குப் புறப்பட்டபோது அப்பா காக்கிச் சட்டையைத் தொடவில்லை. சலவை வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கடைத்தெரு வந்ததும் காரை மாட்டுவண்டி வேகத்துக்குக் குறைத்தார். முழங்கையைச் சன்னலில் வைத்துக்கொண்டு, வழியில் ஒரு கோழிகூடக் குறுக்கே வராதபோதும் ஹாரன் அடித்தார். ஊர் என் வெள்ளை கவுனைப் பார்க்கட்டும் என்றுதான் இவ்வளவும் செய்கிறார் என்று நினைத்து, நான் அவருக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன்.