அஞ்சு கட்டை ராணி

என் மனைவி புனிதா ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஆனால் சுங்கை சிப்புட் பக்கம் போனால் அவளுக்கு வேறு பெயர். மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்கூட ‘ராணி’ என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் அங்கே கித்தா என்கிற ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில், ஆடித் திருவிழாவுக்கு ‘செங்காட்டு ராணி’ என்று ஒரு பாட்டு நாடகம் போடுவார்கள். அதில் ராணி வேஷம் கட்டியவள் இவள். நான் திரை இழுத்தவன். அவள் பாட ஆரம்பித்தால் கயிற்றை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். கடைசியில் கட்டிக்கொண்டேன்.

தோட்டம் போய் இப்போது அங்கே வீடமைப்புப் பகுதி. அம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. இந்த வருஷத் திருவிழாவுக்கு நாடகத்தின் பாட்டுகளை மட்டும் கச்சேரியாகப் பாடலாம் என்று முடிவானது. வேஷம் கிடையாது, மைக் முன்னால் நின்று பாடினால் போதும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதில்தான் சண்டை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு எதிர்க்கடையில் கூடிவிடுவோம். மந்திரியாகப் பாடிய சீனி அண்ணன் லாரி வைத்திருப்பவர். அவருக்கு ஆசை பெரிது.

“தமிழ்நாட்டுலேருந்து ஒரு சினிமாப் பாடகியக் கூட்டியாரலாம்லா. மந்திரிக்கும் அங்கேயே ஒரு ஆளப் பாப்போம்.”

“ஒன் லாரிய வித்துட்டு கூட்டியா,” என்றார் பிச்சைமுத்து அண்ணன். அந்தக் காலத்து இளவரசன் அவர். “இளவரசனுக்கு கீபோர்டு வாசிக்கிற நம்ம கோகிலன் போதும். ஆனா ராணின்னா புனிதாதான். வேற பேச்சே வேணாம்.”

புனிதா உடனே, “எளவரசன் நீங்கதான் அண்ணே. ராணிக்கு தினேஸ்வரி இருக்கா. நல்லா பாடுற பிள்ள. நான் கோரஸ்ல நிக்கிறேன்,” என்பாள்.

என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று கடைக்காரர் வரை மெச்சினார்கள். எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு மேல் குரல் உடைந்துவிட்டது. வீட்டில் குழம்பு தாளிக்கும்போதுகூடப் பாடுவதில்லை. வெளியே மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

சுருதியை இறக்கினால் தீர்ந்தது என்பீர்கள். எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியாமல் பேசாதீர்கள். பக்கத்துத் தோட்டம் நாலு கட்டையில் பாடினால் நாங்கள் அஞ்சு கட்டையில் பாடுவோம். எங்களுக்கு இருந்த ஒரே சொத்து அந்தத் திமிர்தான். கட்டையைக் குறைக்கச் சொல்வது மானக்கேடு. என்றைக்கோ ஒருநாள் தொண்டை கட்டி, அரைக் கட்டை இறக்கச் சொன்ன பத்துமலை, பேரப்பிள்ளை எடுத்த பிறகும் எல்லார் வாயிலும் ‘நாலரை’தான். ‘ராணி’ என்ற பெயர் போய்த் தனக்கும் அப்படி ஒன்று ஒட்டிக்கொள்ளுமோ என்று இவள் பயந்தாள்.

கடைசியில் பழைய ஆட்களே பாடட்டும் என்று கோயில் கமிட்டி முடிவு செய்துவிட்டது. ஒத்திகைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது புனிதா என் சட்டையைக் கிழித்துவிடுவாள்போல் பிடித்திருந்தாள்.

கோயில் மண்டபத்தில் கோகிலன் கீபோர்டில் அஞ்சு கட்டை வைத்தான். முதல் அடி இளவரசனுடையது. பிச்சைமுத்து அண்ணன் இருமினார். சுடுதண்ணீர் குடித்தார். தூசி என்றார். மறுபடியும் இருமினார். புனிதா மைக்கைக் கையில் எடுத்தாள்.

“எனக்கு அஞ்சு போவாது. ஆபரேஷனுக்கு அப்புறம் மூணுதான். வேணும்னா ‘மூணு’ன்னே கூப்புடுங்க. ஆனா நான் பாடணும்.”

பிச்சைமுத்து அண்ணன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“நல்லா இருப்ப தாயி. எனக்கு மூணே சுசாலா, மூச்சு முட்டுது. யாராச்சும் மொதல்ல வாயத் தொறக்க மாட்டாங்களான்னு தூக்கமில்லாம கெடந்தேன்.”

“பின்ன நான் எதுக்கு வெளியாளுங்களக் கூட்டியாரச் சொன்னேன்?” என்றார் சீனி அண்ணன்.

இத்தனை வாரமாக ஒருத்தரை ஒருத்தர் புகழ்ந்து முன்னே தள்ளிவிட்டு, ஆளாளுக்குப் பின்னே ஒளியப் பார்த்திருக்கிறார்கள். கோகிலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினான். “ரெண்டரை வச்சிட்டேன். பாடுங்க.”

பின்வரிசையிலிருந்து பத்துமலை எழுந்து நின்றார். “அப்படின்னா இனிமே இங்க எல்லாருக்கும் மேல நான்தான். நாலரை.”

சிரித்து ஓய்ந்து பாடத் தொடங்கினார்கள். புனிதாவின் குரல் தடித்திருந்தது, ஆனால் எங்கும் உடையவில்லை. அன்றைக்குப் பாடியது சின்னப் பெண். இன்றைக்குப் பாடியவள் நாட்டை ஆண்டு முடித்தவள். எனக்கு இதுதான் பிடித்தது.

திரும்பும் வழியில் என் சட்டையை அவள் பிடிக்கவே இல்லை. ஜெலாப்பாங் வரை என் முதுகுக்குப் பின்னால் பாடிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் வந்த லாரிக்காரன் திரும்பிப் பார்த்தான். நான் ஹெல்மெட்டுக்குள் அழுதபடியே, வீடு சீக்கிரம் வந்துவிடக்கூடாதே என்று மெதுவாக ஓட்டினேன்.