ரத்தினபாய் அக்கா சந்தையில் கேட்ட மன்னிப்பு

செய்தி சபையின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன். “ஒருநாளும் கோபப்பட்டறியாத சாந்தகுணச் சகோதரி ரத்தினபாய் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்று கமிட்டிச் செயலாளர் எழுதியிருந்தார். அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அக்காவைத் தெரிந்த உங்கள் எல்லாருக்கும் அது பொய் என்று தெரியும். தெரிந்தும் அந்தச் செய்திக்குக் கீழே கும்பிடுகிற கைப் படத்தை வரிசையாகப் போட்டீர்கள்.

அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பாடகர் குழுவில் அவரும் நானும் ஆல்ட்டோ. எங்கள் பேச்சில் ரெண்டாம் குரல்; முதல் குரல் மெட்டைப் பாட, நாங்கள் அதற்குக் கீழே துணை பாடுவோம். பக்கத்தில் நிற்கிற எனக்குச் சுருதி தப்பினால் முழங்கையால் விலாவில் ஒரு இடி கிடைக்கும். பாட்டு முடிந்ததும் “வலிச்சா மக்கா?” என்று கேட்பார். வலித்தது என்று சொன்னால் சிரிப்பார்.

ஒருநாள் குளச்சலிலிருந்து மீன் கொண்டுவரும் மேரியைச் சந்தையில் வைத்துக் கள்ளி என்று ஏசிவிட்டார். ஐஸில் கிடந்த மீனைப் புதுமீன் என்று விற்கிறாளாம். வீட்டில் வந்து நறுக்கினால் மீன் நல்ல புதுசு. மறுநாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். கூட்டத்தின் நடுவில் நின்று, “மேரி, ஒன்னைக் கள்ளின்னு சொன்னது தப்பு. எனக்க வாய்தான் கெட்டது. மன்னிச்சிரு” என்றார்.

மேரிக்கு வெட்கமாகப் போயிற்று. “ஐயோ, விடுங்க அக்கா. ஆளுவ பாக்குது.”

“பாக்கட்டும். நேத்தும் இவியதானே பாத்தாவ?”

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று வரும் வழியில் கேட்டேன். “சந்தையில வச்சு ஏசிட்டு அடுக்களையில வச்சு மன்னிப்பு கேட்டா சரியாவுமா மக்கா?” என்றார். எங்கள் கமிட்டிக்காரர்கள் யாரும் அன்று சந்தைக்கு வந்திருக்கவில்லை போலும்.

அப்புறம் தாசன் அண்ணன் விஷயம். கமிட்டித் தேர்தலில் எதிரணியில் நின்று தோற்ற அவர், தேர்தல் செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனார். எங்கள் பக்கம் இது புதுசில்லை. ஆனால் அவருடைய அம்மா இறந்தபோது துக்க மணி அடிக்கக் கூடாது, பாடகர் குழு அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று கமிட்டி சொன்னது. நாங்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்தோம். அக்கா மட்டும் போனார். சவப்பெட்டி பக்கத்தில் நின்று அடக்கப் பாட்டுகளைத் தனியாகப் பாடினார். அதுவும் ரெண்டாம் குரலில்! முதல் குரல் இல்லாமல் அது எந்தப் பாட்டு என்றே யாருக்கும் பிடிபடவில்லையாம். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். “எனக்கு அதுதானே தெரியும். தெரிஞ்சதப் பாடினேன்” என்றார் என்னிடம்.

கமிட்டி அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னது. மேரியிடம் கேட்டவர் இங்கே கேட்கவில்லை. “பொணத்துக்கிட்டயா ஒங்க எலக்‌ஷனக் காட்டுதிய? வெக்கமா இல்ல?” என்று செயலாளரின் முகத்துக்கு நேரே கேட்டார். பாடகர் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். அதற்குப் பிறகு கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு, எங்களுக்கும் கேட்கிற மாதிரி ரெண்டாம் குரல் பாடினார். அதே செயலாளரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோனதும் அக்காதான். எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்கு ரோஷமே கிடையாதா என்று அக்காவிடம் கத்தினேன்.

“கோவம் கெடக்கு மக்கா. அது பகையாவப்பிடாதுன்னுதான் கெடந்து பாடுபடுதேன். இயேசுவப் போல ஆவது அம்பிட்டு லேசா?”

அப்படிப் பாடுபட்டவரைத்தான் கோபமே வராதவர் என்று எழுதினார்கள். அடக்கத்தன்று துக்க மணி விடாமல் அடித்தது. ஃபிளக்ஸ் போர்டில் அக்காவின் படத்தைவிடக் கமிட்டிக்காரர்களின் படங்கள்தான் பளிச்சென்று இருந்தன. கல்லறைத் தோட்டத்தில் செயலாளர் மைக்கைப் பிடித்து, “சபையின் முடிவுகளுக்கு என்றும் கீழ்ப்படிந்தவர்” என்றார். தாசன் அண்ணனும் அவர் மனைவியும் வெளியே ரோட்டில் நின்றார்கள். உள்ளே விட வேண்டாம் என்று கேட்டில் ஆள் நிறுத்தியிருந்தார்கள்.

நான் கத்திவிட்டேன். “பொய்! துக்க வீட்டுல போய்ப் பாடினதுக்கு அக்காவ வெளிய நிறுத்தினது நீங்க! இப்பம் அந்த வீட்டுக்காரங்களயும் வெளிய நிறுத்தியிருக்கிய!” அதோடு நிறுத்தியிருக்கலாம். “நாயே” என்றும் சொல்லிவிட்டேன். எல்லாரும் கேட்டீர்கள். சபைக்கு அவமானம் என்று அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

அக்காவின் பொறுமை என்னிடம் இல்லை. அவருடைய கோபம் நிறையவே இருக்கிறது. சந்தையில் அவர் நின்ற நிலையும் கூடவே இருக்கிறது. அது என்னைத் தூங்க விடவில்லை. ஆகவே, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்கு வாருங்கள். நாயே என்று சொன்னதற்கு, சொன்ன இடத்திலேயே, கேட்டவர்கள் முன்னால் செயலாளரிடம் மன்னிப்புக் கேட்பேன். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும். மற்றதெல்லாம் உண்மை; எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

தாசன் அண்ணனையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. கேட்டைத் திறந்து வையுங்கள்.